தைரியம் சொல்லாதீர்கள்!

தென்காசிச் சீமையில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் போதும். கடையநல்லூரிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் உறவுக்காரர்கள் பஸ் பிடித்து வந்து இறங்கிவிடுவார்கள். ஒரு கையில் சாத்துக்குடிப் பை இருக்கும். இன்னொரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு மூன்று காரியங்கள் செய்வார்கள். "ஐயோ, இப்படி இளைச்சுப் போயிட்டியே!" என்பது முதற் காரியம். அதே வியாதி வந்து, அதே ஆபரேஷன் செய்துகொண்டு, ஆறாவது மாதம் காலமான ஒருவருடைய சரித்திரத்தை விஸ்தாரமாகச் சொல்வது இரண்டாவது காரியம். இவை முடிந்த பிறகு, "ஒண்ணுக்கும் பயப்படாதே, தைரியமா இரு" என்று சொல்லி விடைபெறுவது மூன்றாவது.

சென்னையிலும் மதுரையிலும் உள்ள நம் வீடுகளில் மட்டும் வேறு விதமாக நடக்கிறதா, என்ன? சாத்துக்குடிக்குப் பதில் ஆப்பிள் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் இரண்டு காரியங்களும் நல்லதல்ல என்று எல்லாருக்கும் தெரியும். 'தைரியம் சொல்வதில் என்ன தப்பு?' என்றுதான் நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் புற்றுநோய்க்காகக் கத்தி வைத்துக்கொள்ளப் போகிற ஒருவரிடம் நாம் அவசர அவசரமாகச் சொல்லும் தைரியம், பல சமயம் அவர் வாயை அடைத்துவிடுகிறது. 'பயமாக இருக்கிறது' என்று அவர் சொல்ல நினைத்தாலும், சொல்ல வழியில்லாமற் போகிறது. இதைக் கண்ணாரக் காணும் சந்தர்ப்பம் எனக்குச் சென்ற வருஷம் கிடைத்தது. காட்டியவர் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ். "நான் ஒண்ணும் பெரிசா செய்யலை, என் பேரையெல்லாம் போடாதீங்க" என்று அவர் கேட்டுக்கொண்டதால், பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

என் அத்தைக்குத் தென்காசியில் வீடு. வயது 58. மாசி மாதம் ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாததனாலேயே இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டாள். (இங்கே ஒரு வார்த்தை: மார்பகப் புற்றுக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆகையால் வலிக்கட்டும், பார்க்கலாம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.) சோதனைகள் முடிந்து முடிவு வந்த அன்று மாமாவும் இரண்டு பிள்ளைகளும் கூடிப் பேசி ஒரு தீர்மானம் செய்தார்கள். 'அந்த வார்த்தை' அத்தையின் காதில் விழக் கூடாது! வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பால்காரருக்குக்கூடத் தெரியும். அத்தைக்கு மட்டும் அது 'கொழுப்புக் கட்டி'.

டாக்டரிடமும் போய், "அவளிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று மன்றாடிப் பார்த்தார்கள். அவர் சம்மதிக்கவில்லை. "உடம்பு அவர்களுடையது, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்கள்தான். எதற்கு என்று தெரியாமல் எப்படிப் போடுவார்கள்?" என்று கேட்டுவிட்டு, அத்தையிடம் பக்குவமாக எல்லாவற்றையும் சொன்னார். அத்தை அமைதியாகத் தலையை ஆட்டினாள்.

பிறகு என்னிடம் அவள் சொன்னதைக் கேளுங்கள்: "எனக்கு அன்னைக்கே தெரியும்ளா. உங்க மாமா போனை எடுத்துக்கிட்டுக் கொல்லைப்பக்கம் போய்ப் பேச ஆரம்பிச்சப்பவே தெரியும். அவுக மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு நானும் தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

எப்படி இருக்கிறது, பார்த்தீர்களா? ஒரே வீட்டில் நாலு பேர். நாலு பேரும் ஒரே பயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு தனித்தனியாகத் தவித்திருக்கிறார்கள்.

நர்ஸ் தொழிலுக்கு வழி வகுத்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1859-ல் வெளியிட்ட தம்முடைய புத்தகத்தில் இதைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறார். நோயாளியின் அறை வாசலில் நின்று ரகசியம் பேசாதீர்கள், அவர் காதைத் தீட்டிக்கொண்டு படும் வேதனை மிகக் கொடியது என்கிறார். பார்க்க வருகிறவர்கள் வாயில் வந்தபடி அள்ளி வீசும் ஆறுதலுக்கும் புத்திமதிக்கும் அவர் ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கிக் கண்டித்திருக்கிறார். ஆக, சாத்துக்குடிப் பையுடன் வருகிறவர்கள் நம் ஊரில் மட்டுமல்ல, லண்டனிலும் இருந்திருக்கிறார்கள்!

ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவு அத்தைக்குத் துணையாக நான் இருந்தேன். பகல் முழுவதும் வந்தவர்கள் எல்லாரும் தைரியம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அத்தையும் எல்லாருக்கும் சிரித்தே பதில் சொன்னாள். பதினொரு மணி சுமாருக்கு அந்த நர்ஸ் வந்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். இனிமேல் எதுவும் சாப்பிடக் கூடாது என்று சொன்னார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு நடக்கப்போறதுல, எதை நினைச்சா உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா?" என்று கேட்டார்.

அத்தை கொஞ்ச நேரம் மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "சாரல் தொடங்கப் போகுது. இனிமே நான் குத்தாலத்துல குளிக்க முடியுமா, சிஸ்டர்?" என்றாள்.

வேறு யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள். 'உயிர் பிழைப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அருவியைப் பற்றிக் கவலைப்படுகிறாயே!' என்றிருப்பார்கள். நர்ஸ் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியின் ஆழம் அவருக்குத் தெரிந்திருந்தது.

குற்றாலத்துக்குப் போயிருக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பேரருவியில் பெண்களுக்கென்று ஒதுக்கிய பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு தோளோடு தோள் இடித்து நிற்க வேண்டும். முன்பின் தெரியாத பெண் ஒருத்தி கையைப் பிடித்து இழுத்து, "இங்கே நில்லுங்கம்மா" என்று இடம் கொடுப்பாள். நனைந்த துணி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மார்பில் ஒரு பக்கம் இல்லை என்றால், அது அத்தனை பேர் கண்ணிலும் படும். சிறு பிராயம் முதல் ஒரு வருஷம்கூடச் சாரலைத் தவற விடாதவள் அத்தை. சாவைப் பற்றி அவள் ஏற்கனவே யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பிழைத்து எழுந்தபின் நாலு பெண்கள் மத்தியில் எப்படிப் போய் நிற்பது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. பகல் முழுவதும் வந்து போன இருபது பேரில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

நர்ஸ் நிதானமாகப் பதில் சொன்னார். புண் நன்றாக ஆறி, கதிர்ச் சிகிச்சையும் முடிந்து, டாக்டர் சரியென்று சொன்ன பிறகு தாராளமாகக் குளிக்கலாம். அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுக்கப் போவதால், அந்தப் பக்கத்துக் கை வீங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே பேரருவி ஆவேசமாக விழும் நாட்களில் வேண்டாம். தண்ணீர் மெதுவாக விழும் சிற்றருவி போதும். ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளப் பஞ்சு அடைத்த மெத்தை ஒன்று தைத்துக்கொள்ளலாம். ஆனால் நனைந்தால் பஞ்சு கனத்துவிடும், அருவிக்குச் சரிப்படாது. அதற்கென்று சிலிக்கானில் செய்தது விற்கிறது. அது இல்லாவிட்டாலும் தடித்த துணியில் மேலுக்கு ஒரு சட்டை தைத்துப் போட்டுக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "தெரிஞ்சாலும்தான் என்னம்மா? ஆனா அதை நீங்க முடிவு பண்ணுங்க" என்றார்.

அன்றிரவு அத்தை தூங்கினாள்.

இன்னொரு விஷயத்தையும் அந்த நர்ஸ் முன்னாடியே சொல்லி வைத்தார். ஆபரேஷனின்போது ரத்தப்போக்கை நிறுத்த மின்சாரக் கருவியை உபயோகிக்கிறார்கள். உடம்பில் நகை இருந்தால் அந்த இடம் சுட்டுவிடக் கூடும். ஆகையால் திருமாங்கல்யத்தையும் கழற்றியாக வேண்டும். பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கு வேறோர் ஊரில் முன்பு ஓர் ஆபரேஷன் நடந்ததாம். தியேட்டர் வாசலில் தள்ளுவண்டியில் படுத்திருந்தபோது, "கழற்று, கழற்று" என்று அவசரப்படுத்தி வாங்கினார்களாம். அழுதுகொண்டேதான் உள்ளே போனதாகச் சொன்னார். எங்கள் நர்ஸ், "நாளைக்கு வரும்போது ஒரு மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கிட்டு வந்துடுங்க ஐயா" என்று மாமாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். காலை ஆறு மணிக்கு வார்டிலேயே மாமா தம் கையால் கயிற்றைக் கட்டினார். அதன் பிறகு அத்தை தாலிச் சரட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். ஒரு முழம் கயிற்றில் எத்தனை பெரிய கலக்கத்தைத் தவிர்த்துவிடலாம், பாருங்கள்!

இதெல்லாம் அந்த நர்ஸின் நல்ல மனசு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா? அப்படியல்ல. இது வைத்தியத்தில் ஒரு பகுதி என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில், வயிற்றில் ஆபரேஷன் செய்துகொள்ளவிருந்த 97 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவு 1964-ல் வெளியாயிற்று. ஒரு பகுதியினரிடம் மட்டும் மயக்க மருந்து டாக்டர் முன்கூட்டியே சென்று, 'விழித்ததும் இன்ன இடத்தில் வலிக்கும், இப்படித் திரும்பிப் படுத்தால் குறையும்' என்று விவரமாகச் சொன்னார். வலியே இருக்காது என்று பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு மற்றவர்களைப் போல் ஏறக்குறையப் பாதியளவு வலி மருந்தே போதுமானதாக இருந்தது. சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீடு திரும்பவும் முடிந்தது.

எந்த ஆபரேஷன் என்பதைப் பொறுத்து இந்தப் பேச்சும் மாறும் என்கிறார் நம் நர்ஸ். தொண்டைப் புற்றுக்காகக் குரல்வளையை எடுக்க வேண்டியிருந்தால், குரல் இருக்கும்போதே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் இந்தச் சைகை, மூச்சு முட்டினால் இந்த மணி, எழுதிக் காட்ட ஒரு சிலேட்டு. எழுதத் தெரியாதவர்களுக்குப் படம் போட்ட அட்டை. குடலில் புற்று வந்து, வயிற்றில் துளையிட்டுப் பை பொருத்த வேண்டியிருந்தால், முதல் நாளே நோயாளியை நிற்க வைத்து, உட்கார வைத்து, குனிய வைத்து இடம் குறிக்க வேண்டும். புடவைக் கொசுவம் சொருகும் இடத்தில், வேஷ்டி இறுக்கிக் கட்டும் இடத்தில் துளை அமைந்துவிட்டால், அந்த மனிதர் கல்யாணம், கோயில் என்று எங்கும் போகாமல் வீட்டோடு முடங்கிவிடுவார். இப்படிக் குறித்து வைப்பதும் நர்ஸ் வேலைதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. (மார்பகப் புற்று என்றால் முழு மார்பையும் எடுத்தே ஆக வேண்டும் என்று இன்று இல்லை. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், பலருக்குக் கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்து, பிறகு கதிர்ச் சிகிச்சை தருகிறார்கள். அத்தையின் கட்டி பெரியதாகிவிட்டது.) கட்டுப் பிரிக்கும் நாளில் நர்ஸ், "இன்னைக்கே பாக்கணும்னு அவசியமில்லை. பாக்கலாம்னு தோணும்போது சொல்லுங்க. அப்போ கூட யார் இருக்கணும்னும் நீங்களே சொல்லுங்க" என்றார். ஐந்தாம் நாள், "இன்னைக்குப் பாத்துருதேன்" என்றாள் அத்தை. தையல் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை இருக்கும், சுற்றிலும் தோல் என்ன நிறத்தில் கன்றியிருக்கும் என்று நர்ஸ் முதலில் வாயால் வர்ணித்தார். அதன் பிறகுதான் துணியை விலக்கினார். "நான் நினைச்சுப் பயந்த அளவுக்கு இல்லை" என்றாள் அத்தை. கொஞ்ச நேரம் அழுதாள். நர்ஸ் "அழாதீங்க" என்று சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் மாமாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்து ஒரே ஒரு விஷயம் சொன்னாராம். "ஐயா, அந்தத் தழும்பை நீங்க முதல்ல பாக்கறப்போ, அம்மா உங்க முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க." மாமா அதற்குப் பிறகு வெகு நேரம் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கதை இங்கே முடிந்துவிட்டது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். தையல் பிரித்தாயிற்று. ஊசி மருந்தும் கதிர்ச் சிகிச்சையும் ஒவ்வொன்றாக நடந்தன. சுவரில் விரல்களை நண்டு போல ஏற்றி, எட்டிய உயரத்தைத் தினமும் சாக்கட்டியால் குறித்துக் கையையும் பழக்கியாயிற்று. யார் கேட்டாலும், "நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் அத்தை.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. மறுபரிசோதனைக்கு வருகிறவர்கள் டாக்டரைப் பார்க்கும் முன், நர்ஸுடன் பத்து நிமிஷம் உட்கார வேண்டும். ஐப்பசி மாதம் அத்தை போனபோது நர்ஸ், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கவில்லை. "காலையில எத்தனை மணிக்கு முழிப்பு வருது? வாசல்ல கோலம் யார் போடுறா? கடைசியா எப்போ கோயிலுக்குப் போனீங்க?" என்று கேட்டார். மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. கோலம் மருமகள் போடுகிறாள். கூப்பிடு தூரத்தில் இருக்கும் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. எப்போதும் தலையில் இருக்கும் பூவும் அன்று இல்லை. நர்ஸ் டாக்டரிடம் எழுதி அனுப்பினார். டாக்டர் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

வீட்டில் பெரிய அமளி! "மனநல டாக்டரா? அம்மாவுக்கு என்ன பைத்தியமா? ஊர் என்ன சொல்லும்?" என்று பிள்ளைகள் குதித்தார்கள். மாமாதான், "புண்ணுக்கு ஒரு டாக்டர்னா மனசுக்கு ஒரு டாக்டர்" என்று அழைத்துப் போனார். அது மனச்சோர்வு என்ற நோய்; மருந்தும் உண்டு, பேச்சு மூலமாகச் செய்யும் சிகிச்சையும் உண்டு. தை பிறந்தபோது கோலப்பொடி டப்பா அத்தையின் கைக்குத் திரும்பி வந்துவிட்டது.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில், மார்பை எடுத்துவிட்ட 152 பெண்களை வைத்து நடத்திய ஆராய்ச்சி ஒன்று 1980-ல் பிரசுரமாயிற்று. 75 பேருக்கு ஆறுதலும் ஆலோசனையும் சொல்லப் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர். மீதி 77 பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். நர்ஸின் ஆறுதல் பேச்சு மனச்சோர்வு வராமல் தடுத்ததா என்று பார்த்தால், தடுக்கவில்லை! ஆனால் அவர் திரும்பத் திரும்பப் போய்க் கவனித்துக்கொண்டே இருந்தார். அதனால், மனநல உதவி தேவைப்பட்டவர்களில் 100-க்கு 76 பேரை அடையாளம் கண்டு சிகிச்சைக்கு அனுப்பினார். மற்றப் பிரிவில் 100-க்கு 15 பேரைத்தான் யாராவது கண்டுகொண்டார்கள். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தபோது, நர்ஸ் கவனித்த பிரிவில் 100-க்கு 12 பேருக்கே மனநோய் இருந்தது. மற்றப் பிரிவில் 39 பேருக்கு இருந்தது.

என்ன தெரிகிறது? ஒரு தரம் வந்து சொல்லிவிட்டுப் போகும் தைரியத்தால் பெரிய பிரயோஜனம் இல்லை. திரும்பி வந்து, கேட்டு, முகத்தைப் பார்த்து, மாறுதலைக் கண்டுபிடிக்கும் சிரத்தையால்தான் பலன். முப்பது கட்டிலுக்கு ஒரு நர்ஸ் ஓடிக்கொண்டிருக்கும் வார்டில் இந்தச் சிரத்தைக்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியை ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களும் சர்க்காரும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊசி போடுவதற்கு நேரம் ஒதுக்குவது போலப் பேசுவதற்கும் நேரம் ஒதுக்கினால்தான் அது நடக்கும்.

நமக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. தங்கை புற்றுநோயால் பட்ட துன்பத்தைக் கண்ணால் பார்த்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பலர் மறுத்தும் விடாமல் பாடுபட்டு, அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை ஏற்படுத்தினார். 1952-ல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954-ல் பன்னிரண்டு கட்டில்களுடன் அது தொடங்கியது. மறு வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் காலமாகும் வரை அதையே வீடாகக் கொண்டு வாழ்ந்தார். நோயாளிகளின் மனத்தைக் கவனிப்பதற்கென்றே அங்கு இப்போது தனிப் பிரிவு இருக்கிறது. நோய்வாய்ப்பட்டு மீண்டவர்களும் இதில் உதவலாம். 1952-ல் மார்பு ஆபரேஷன் செய்துகொண்ட டெரீஸ் லாஸர் என்ற அமெரிக்கப் பெண்மணி, தம்மைப் போன்றவர்களை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துப் பேசத் தொடங்கினார். ஆரம்பத்தில் டாக்டர்களே ஆட்சேபித்தார்கள். 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அந்த ஏற்பாட்டைத் தனதாக ஏற்றுக்கொண்டது.

லாஸர் அம்மையாரைப் பற்றி அத்தைக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் இந்த வருஷம் பங்குனியில், ஆபரேஷனுக்குக் காத்திருந்த சுரண்டைப் பெண் ஒருத்தியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஆனியில் சாரல் விழுந்ததும், தடித்த துணியில் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு சிற்றருவியில் நின்றாள். பக்கத்தில் நின்ற அம்மாள், "கொஞ்சம் நகர்ந்துக்கிடுங்க" என்றாளே தவிர, வேறொன்றும் கேட்கவில்லையாம்.

ஆகவே, சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது இப்படி நேர்ந்தால், சாத்துக்குடி தாராளமாகக் கொண்டு போங்கள். செத்துப்போனவர் கதையை வாசலிலேயே விட்டுவிடுங்கள். கட்டிலருகில் உட்கார்ந்து, "எதை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை பேசாமல் இருங்கள். பதில் உங்களுக்குத் தெரியாததாக இருந்தால், "நர்ஸிடம் கேட்கலாமா?" என்று சொல்லுங்கள். நாலு மாதம் கழித்து, எல்லாரும் மறந்துபோன பிறகு, மறுபடியும் ஒரு தரம் போங்கள். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரியுங்கள். மனம் மிகவும் சோர்ந்திருப்பதாகத் தெரிந்தால், 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும். அந்த எண்ணை இப்போதே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.